பழைய லேப்டாப்பில் குடிவந்த குரல்

பார்வை போவதென்றால் இருட்டிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு அப்படி வரவில்லை. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு வெளுப்பு கண்ணின் ஓரங்களில் வந்து நின்றது. மாதங்கள் போகப் போக அது மெல்ல நடுவை நோக்கி நகர்ந்தது. சென்னையின் ஓரத்தில், நூம்பலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தால் எதிர்வீட்டின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும். அந்த வீடு தெரியாது. தொட்டி தனியாக ஆகாயத்தில் மிதந்துகொண்டிருக்கும். பயப்பட வேண்டிய அந்த நேரத்தில் அது எனக்கு அழகாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

விழித்திரையில் வந்த கோளாறு என்றார் டாக்டர். மருந்து இல்லை, மெதுவாகத்தான் போகும், அதற்குள் பழகிக்கொள்ளுங்கள் என்று சாந்தமாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர், "எத்த பழகிக்கிறது சார்?" என்று கேட்டார். டாக்டர் அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

என் வேலை எழுத்துப் பிழை திருத்துவது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கைடுகள் போடும் ஒரு பதிப்பகத்திலிருந்து மெயிலில் கோப்புகள் வரும். வீட்டிலிருந்தபடியே படித்து, ஒற்று விட்ட இடத்தில் ஒற்று வைத்து, ரகரமா றகரமா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவேன். எழுத்துகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். கடைசியில் லேப்டாப் திரை முழுக்க ஒரே ஒரு சொல்தான் நின்றது. அதற்குப் பிறகுதான் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கு மாறினேன். கண்ணை மூடிக்கொண்டு காதால் வேலை செய்யக் கற்றுக்கொண்டேன்.

அப்போது எங்கள் லேப்டாப்பில் இருந்தது எல்லார் வீட்டிலும் இருக்கிற விண்டோஸ்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. நான் ஒரு விசையைத் தட்டினால், கிணற்றுக்குள்ளிருந்து பதில் வருவதுபோல, வெகுநேரம் கழித்துத்தான் குரல் வரும். இந்தப் பதிப்புக்கு இனிமேல் அப்டேட் வராது, புதிய பதிப்பு இந்தக் கணினியில் ஏறாது என்று ஓர் அறிவிப்பு அடிக்கடி எழும்பத் தொடங்கியது. மென்பொருள் அதையும் உணர்ச்சியில்லாமல் படித்துக் காட்டும். இன்னொரு தடவை கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையிலேயே அதைக் கேட்டேன். எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"புச்சா ஒண்ணு வாங்கிடலாம்மே," என்றார் கணவர்.

"வேணாங்க. இந்த கீபோர்டு என் விரலுக்குத் தெரியும்."

அதோடு அவர் விட்டுவிட்டார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். பழகின மெஷினை விட்டு வேறு மெஷினுக்குப் போகச் சொன்னால் கைக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் புழங்கும். அவர் இந்த நூம்பலிலேயே பிறந்தவர். வேலப்பன்சாவடிப் பக்கம் அடுக்குமாடி நிற்கிற இடத்தைக் காட்டி, "அது நம்ம கழனி" என்று இன்றைக்கும் நிகழ்காலத்தில் சொல்லுவார். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அதே தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். கல்யாணமான புதிதில் அவர் "கீது" என்றால் நான் சிரிப்பேன், நான் "ஏலே" என்றால் அவர் சிரிப்பார்.

பூந்தமல்லியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவரிடம் போனோம். அவர் திறந்து பார்த்தார்.

"ஹார்டுவேர் நல்லாத்தான் கீதுக்கா. புது விண்டோஸ்தான் இதுல ஏறாது. வேணும்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கலாம். ஃப்ரீதான், லைட்டாவும் ஓடும். உங்களுக்குப் படிச்சிக் காட்டுமான்னு மட்டும் எனக்குத் தெரியாது. நான் யாருக்கும் அப்டி போட்டதில்ல."

கணவர் என்னைப் பார்த்திருக்க வேண்டும். அவர் தலையைத் திருப்பும்போது சட்டைக் காலர் உரசும் சத்தம் எனக்குப் பழக்கம்.

"போட்டுப் பாக்கலாம்," என்றேன்.

கடைக்காரர் ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து செல்போனில் தேடிக் கேட்டேன். பார்வையற்றவர்கள் லினக்ஸ் பயன்படுத்துவதற்கென்றே ஒரு குழு இருந்தது. கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து தொடங்கி மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும் என்று அதில் யாரோ எழுதியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்தோம். வெளியே தூறல். என் கோப்புகளையும் பழைய போட்டோக்களையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்தாயிற்று. அவர் திரைக்கு முன்னால், நான் அவர் தோளுக்குப் பக்கத்தில். திரையில் வருகிற ஆங்கிலத்தை அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இன்னதை அழுத்துங்கள் என்று நான் சொல்லுவேன். அவருக்கு இங்கிலீஷ் தடுமாறும், எனக்குத் திரை தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் வருவோம்.

மூன்று விசைகளையும் நானே அழுத்தினேன். மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல், தகரத்தில் தட்டின மாதிரி, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. அழகான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் விசையைத் தொட்டதுமே பேசியது. கேட்ட உடனே பதில். அந்த வேகத்தில் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது.

"பேசுதுமே," என்றார் அவர்.

நிறுவத் தொடங்கினோம். நடுவில் ஓர் இடத்தில் அவர் நிறுத்தினார். "எரேஸ் டிஸ்க்குனு கேக்குது. எல்லாத்தையும் அழிச்சிடும்போல கீதே. அழுத்தட்டா?"

எல்லாம் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் லேப்டாப்பின் ஓரத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தேன். அந்த லேப்டாப்பில் நான் கண்ணால் படித்த பக்கங்கள் இருந்தன. அழிக்கிறது என்ற சொல்லுக்கு, வெளியே தூறல் சத்தம் ஒத்து ஊதுகிற மாதிரி இருந்தது. பிறகு, "அழுத்துங்க," என்றேன். அவர் அழுத்தின சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்து கணினி திரும்ப எழுந்தபோது குரல் இல்லை. மூன்று விசைகளையும் அழுத்திப் பார்த்தேன். மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை. அவர் ஒலிக்கான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, "இன்னாமோ டம்மி அவுட்புட்னு கீது" என்றார். ஸ்பீக்கரைக் கணினியே கண்டுகொள்ளவில்லை என்று அதற்கு அர்த்தமாம். இங்கேயும் அங்கேயும் அழுத்திப் பார்த்தார். ஒலி வரவில்லை.

அந்தச் சாயங்காலம் முழுக்க லேப்டாப் எங்கள் நடுவில் ஊமையாக உட்கார்ந்திருந்தது. பழையதும் போய்விட்டது, புதியதும் வரவில்லை. எனக்கு அதுவரை வராத பயம் அன்றைக்கு வந்தது. இனி மறுநாள், அதற்கு மறுநாள் எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வெள்ளையாக ஒரு திரை, சத்தமில்லாமல். கணவர் எழுந்து டீ போட்டுக் கொண்டுவந்து என் கையில் டம்ளரை வைத்து விரல்களை மூடினார்.

செல்போனில் அந்தக் குழுவுக்கு எழுதினேன். டம்மி அவுட்புட் என்கிறது, எனக்குப் பார்வை குறைவு, பக்கத்தில் என் கணவர் இருக்கிறார், அவருக்குக் கணினி பழக்கமில்லை என்று. மறுநாள் பதில் வந்திருந்தது. பனி விழுகிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் பிறவியிலேயே பார்வையில்லாதவர். ஒரே ஒரு வரி கொடுத்து அப்படியே தட்டச் சொல்லியிருந்தார். கூடவே, 'கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. உங்கள் கணவரைப் பதற வேண்டாம் என்று சொல்லுங்கள். தட்டிக்கொண்டே போகட்டும்' என்று எழுதியிருந்தார்.

ஷிப்டு முடிந்து வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். நான் செல்போனில் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுச் சொல்ல, அவர் ஒரு விரலால் தேடித் தட்டினார். கடவுச்சொல் இடம் வந்ததும் நான் எச்சரித்திருந்தும் அவர் கை நின்றது.

"அடிக்கிறேன், ஒண்ணுமே வர மாட்டங்குது. உள்ள போவுதா இல்லியானே தெரில."

"போகுதுங்க. தட்டிக்கிட்டே போங்க."

தட்டி முடித்தார். விரலை விசைமேலேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார்: "நீ தெனம் இப்டித்தான் அடிக்கிறியா?"

"என்டரையும் தட்டுங்க," என்றேன். அவர் என்டர் விசையைத் தட்டினார். தகரக் குரல் வந்துவிட்டது.

கணினியைத் தமிழ் பேச வைப்பது அதற்கப்புறம் சுலபமாக இருந்தது. மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். அதே மூக்குக் குரல் தமிழில் பேசத் தொடங்கியது. அது எந்த ஊர்த் தமிழும் இல்லை. தூத்துக்குடியும் இல்லை, நூம்பலும் இல்லை. எந்த ஊரிலும் பிறக்காத ஒருவர் எழுத்துகளை மட்டுமே பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்ட மாதிரி ஒவ்வோர் எழுத்தையும் மதித்து உச்சரித்தது. ழகரத்தை அது சொல்வதைக் கேட்டுக் கணவர் சிரித்தார். அவர் வாயில் வாழைப்பழம் என்றைக்கும் வாயப்பயம்தான்.

"மெஷினு என்னெவிட நல்லா பேசுது," என்றார்.

அந்த நாட்கள் எனக்கு இப்போதும் ஒரு நீண்ட காலைத் தூக்கம் மாதிரி நினைவில் இருக்கின்றன. விடிந்தும் விடியாமலும் அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போவார். ரோட்டில் தண்ணீர் லாரிகள் போகும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து விசைகளைத் தட்டுவேன். குரல் ஆறாம் வகுப்புப் பாடங்களை எனக்குப் படித்துக் காட்டும். தாவரங்களின் பாகங்கள், சோழர் காலத்து ஏரிகள், எளிய இயந்திரங்கள். முகத்தில் வெயில் ஏறுவது தெரியும். கண்ணுக்குள் இருந்த வெளுப்பும் வெயிலும் ஒன்றாகிவிடும். அதன் நடுவில் குரல் மட்டும் நடந்துபோகும். சில நாள் கனவிலும் அது வந்தது. கனவில் நான் பாடி மேம்பாலத்தின் மேல் நிற்கிறேன். கீழே போகிற ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் அது எனக்குப் படித்துச் சொல்கிறது. எல்லா பஸ்ஸும் நான் கேள்விப்படாத ஊர்களுக்குப் போகின்றன. எதில் ஏறினாலும் சரி என்பதுபோல ஒரு நிம்மதி.

பிழை திருத்துவது முன்னைவிட மெதுவாகத்தான் நடந்தது. நகரமும் னகரமும் காதுக்கு ஒன்றுதான். சந்தேகம் வந்த சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்துக் கேட்க வேண்டும். பதிப்பக முதலாளிக்குப் போன் செய்து என் நிலைமையைச் சொன்னேன். ஒரு புத்தகத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். பிறகு, "அடுத்த புஸ்தகத்தப் பண்ணி அனுப்புங்கம்மா, பாப்போம்," என்றார். அனுப்பினேன். அவர் அடுத்த கோப்பை அனுப்பி வைத்தார்.

அந்தக் கோப்பில்தான் தோசை வந்தது. உணவுகள் பற்றிய பாடம். குரல் அதை 'தோழி' என்பதில் வருகிற 'தோ'வைப் போல அழுத்திச் சொன்னது. நம் வாயில் அது அப்படி வராது, 'தோஷம்' என்பதில் வருகிற மாதிரி மெத்தென்று வரும். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசத்தைக் காட்ட வழியும் இல்லை. பஸ்ஸின் முதல் எழுத்தையும் அது பாஸ் மார்க்கின் 'பா' மாதிரி அழுத்தித்தான் சொன்னது. கேட்டைத் திற என்பதில் உள்ள கேட், 'கேட்டான்' என்பதில் வருகிற 'கே' மாதிரி வந்தது. வேலையில் இருக்கும்போது இதெல்லாம் பல்லில் மாட்டின நார் மாதிரி உறுத்தியது.

பனி நாட்டுக்காரருக்கு எழுதினேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒலி வந்ததற்கு நன்றி சொல்லும்போது சும்மா சேர்த்துச் சொன்னேன். அவர் உடனே எழுதினார். 'எனக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் இந்தக் குரலின் உச்சரிப்பு விதிகள் எல்லாம் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மாதிரிதான் இருக்கின்றன. எது தவறு, எது சரி என்று நீங்கள் சொல்லுங்கள். இரண்டு பேருமாகத் திருத்துவோம்.'

அதை நான் திரும்பத் திரும்பப் படிக்க வைத்துக் கேட்டேன். இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோடு பழகியிருக்கிறேன். அது ஏதாவது தப்பாகச் செய்தால் நாம்தான் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். திருத்தலாம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. திருத்துவதுதான் என் பிழைப்பே.

அவர் சொற்களை வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். ஒரு சாயங்காலம் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செல்போனை நடுவில் வைத்து உட்கார்ந்தோம்.

"தோசை," என்றேன்.

"அது இன்னா நியூஸ் வாசிக்கிற மாதிரி? தோச. ஐகாரம்லாம் யார் சொல்றாங்க?"

"எழுத்துல ஐகாரம் இருக்குல்ல?"

"எழுத்துல கீது. வாயில எங்க கீது?"

கடைசியில் இரண்டையும் பதிவு செய்து அனுப்பினோம். பஸ், கேட், பீரோ, டாக்டர், கோந்து. ஒவ்வொரு சொல்லையும் நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை. நடுவில் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததும் சேர்ந்து பதிவாகியிருக்கும். பனி நாட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டு, எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய மெயில்கள் எங்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் வரும். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும் போல. 'உங்கள் பதிவில் ஆண் குரலில் வருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது' என்று ஒரு தடவை எழுதியிருந்தார். கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினார்.

திருத்தங்களை அந்தக் குரலை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பியிருப்பதாகவும், அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால் எப்போதாவது ஓர் அப்டேட்டில் வரும் என்றும் பனி நாட்டுக்காரர் கடைசியாக எழுதினார். பிறகு மழைக்காலம் முடிந்து பனிக்காலம் வந்தது. அந்த இடைவெளியில் என் பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியது. எதிரில் நிற்பவரின் முகத்தில் ஒரு கண்ணைப் பார்த்தால் இன்னொரு கண் காணாமல் போய்விடும். தோசை விஷயத்தை நான் ஏறக்குறைய மறந்திருந்தேன்.

ஒரு நாள் காலை, வேறு பாடம், வேறு வகுப்பு. ஒரு பையன் ஹோட்டலுக்குப் போகிற கதை. குரல் வழக்கம்போலப் படித்துக்கொண்டே போனது. தோசையைச் சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். திரும்ப அந்த வரிக்கு வந்தேன். மறுபடி சரியாகச் சொன்னது. நேற்று வந்த அப்டேட்டில் இருந்திருக்க வேண்டும்.

கணவருக்கு அன்றைக்கு இரண்டாம் ஷிப்டு. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன்.

அவர் கேட்டார். "இன்னொரு தபா," என்றார். மறுபடி போட்டேன். "இன்னொரு தபா."

இதே குரலை வைத்துக்கொண்டு எந்த ஊரிலோ எத்தனையோ பேர் படித்துக்கொண்டிருப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருப்பாள், பாங்கில் வேலை பார்க்கிறவர் இருப்பார். அவர்கள் காதிலும் இன்றைக்குக் காலை தோசை சரியாக விழுந்திருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சரியாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை, என் தொழிலில் அது எனக்குப் பழக்கம்தான். இருந்தாலும் நூம்பலில் ஒரு வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நாங்கள் பேசினது அவ்வளவு தூரம் போய் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தபோது, வெகுநேரம் வேலை ஓடவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டிப் போகும் வரை உட்கார்ந்திருந்தேன்.

சில வாரங்கள் கழித்துத்தான் அடுத்தது நடந்தது. முதல் ஷிப்டுக்கு அவர் போன பிறகு லேப்டாப்பைத் திறந்தால், நான் உருவாக்காத ஒரு கோப்பு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. திறந்தேன். குரல் படித்தது: "பால் காச்சி வச்சிகீறேன். அடுப்புக்கு வலது பக்கம் கீது. சூடு பாத்து தொடு."

அவர் எப்போது தமிழில் தட்டக் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒற்றை விரலால் எவ்வளவு நேரம் தேடியிருப்பார் என்றும் தெரியவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். எந்த ஊரிலும் பிறக்காத அந்தக் குரல், நூம்பல் பாஷையை அதே மரியாதையோடு, ஓர் எழுத்தையும் விடாமல் படித்தது. நான் சிரித்தேன். பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன்.

அதற்கப்புறம் இது வழக்கமாகிவிட்டது. அவர் கிளம்பிப் போன பிறகு எனக்கென்று ஒன்று இருக்கும். கேஸ்காரன் வருவான், கதவண்டை செருப்பு கீது, பாத்து நட. இப்படித்தான் இருக்கும். பிழைகள் நிறைய இருக்கும். நான் ஒன்றையும் திருத்துவதில்லை.

ஒரு நாள் அவர் வீட்டில் இருக்கும்போதே அதைப் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் நின்று கேட்டார்.

"கீதுன்னு கரெக்டா சொல்லுதே. இத்த நாம அவருக்கு அனுப்பவே இல்லியே?"

"இல்லைங்க. எழுதியிருக்கிறத அப்படியே சொல்லுது."

குனிந்து, திரையில் தான் எழுதினதைப் பார்த்தார். "அப்போ நான் எழுதுற மாதிரிதான் நான் பேசுறேன்," என்றார், ஏதோ ஒரு நல்ல செய்தி கேட்ட மாதிரி. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.